முதல் முடிச்சை யார் போடுவது?

ஓடைக்கரை நாவல் மரத்தில் செவந்தி என்ற அணில் தன் மகன் துடியனோடு குடியிருந்தாள். பக்கத்துப் புங்க மரத்தில் மாசானம் என்ற தேவாங்கு தன் மகள் மருதியோடு குடியிருந்தார். தேவாங்கு ராத்திரிப் பிராணியாச்சே, பகலில் அதற்கு என்ன வேலை என்று கேட்காதீர்கள். பிள்ளை பெற்றவருக்கு ராத்திரி ஏது, பகல் ஏது?

அந்தக் காட்டில் பள்ளிக்கூடம் கிடையாது. முன்பு கொக்கு ஒன்று நடத்திக்கொண்டிருந்தது. படிக்க வந்த மீன்குஞ்சுகள் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே போனதால் அதை மூடிவிட்டார்கள்! அதன் பிறகு வீட்டுக்கு வீடு அப்பா அம்மாதான் வாத்தியார்.

பாடம் என்றால் கைவேலை. ஈச்ச ஓலையில் காற்றாடி, பூவரச இலையில் ஊதல், களிமண்ணில் சட்டி, வாழை நாரில் பெட்டி. மாதம் ஒரு தடவை பிள்ளைகள் செய்ததையெல்லாம் நாவல் மரத்தின் தாழ்ந்த கிளையில் தொங்கவிடுவார்கள். காடே திரண்டு வந்து பார்க்கும்.

துடியன் செய்த பெட்டியைப் பார்க்க வேண்டுமே! நாலு மூலையும் நறுக்கென்று இருக்கும். ஒரு நார் வெளியே நீட்டிக்கொண்டிருக்காது.

"ஆஹா! இந்தக் கைக்குத் தங்கக் காப்பு போடலாம்!" என்று மைனா கத்தும்.

செவந்திக்குப் பெருமை பிடிபடாது. வால் தானாகப் புடைத்துக்கொள்ளும்.

மருதி செய்த பெட்டியும் பக்கத்திலேயே தொங்கும். அதைப் பெட்டி என்று யாராவது சொன்னால்தான் தெரியும். ஒரு பக்கம் வீங்கி, ஒரு பக்கம் ஒட்டி, காய்ச்சலில் கிடந்து எழுந்தது போல இருக்கும்.

"மாசானம் அண்ணே, பிள்ளைக்குக் கொஞ்சம் ஒத்தாசை பண்ணக் கூடாதா? பக்கத்துலயே உக்காந்து முட்டை முட்டையாக் கண்ணை வெச்சுக்கிட்டுப் பாக்குறீங்க. கை மட்டும் கிளையை விட்டு வர மாட்டேங்குது!" என்றாள் செவந்தி.

"என் கை பழகிப்போச்சு, செவந்தி. அவ கை பழக வேண்டாமா?" என்றார் மாசானம்.

"நல்லா சொன்னீங்க! சோம்பேறித்தனத்துக்கு இப்படியும் ஒரு பேரா!"

மாசானம் பதில் சொல்லத் தொடங்குவதற்குள் செவந்தி மூன்று கிளை தாண்டிப் போய்விட்டாள்.

செவந்தியைக் குறை சொல்ல முடியாது. அவள் பொல்லாத சுறுசுறுப்பு. துடியன் ஒரு முடிச்சுப் போடத் திணறினால் அவளுக்கு உடம்பெல்லாம் அரிக்கும். "கொண்டா இங்கே, அம்மா ஆரம்பிச்சுத் தர்றேன்!" என்று பிடுங்குவாள். கொஞ்ச நேரத்தில், "ஐயோ, கோணுதே! விடு, அம்மா முடிச்சுத் தர்றேன்!" என்று மறுபடி பிடுங்குவாள். பாசம்தான், வேறென்ன? பாசத்தில் அவள் கையும் காலும் ஒரு இடத்தில் நிற்காது.

மாசானம் வீட்டுக் கதையே வேறு. மருதி தெப்பம் செய்து ஓடையில் விடுவாள். அது குபுக்கென்று மூழ்கும். "அப்பா, மூழ்கிடுச்சு!" என்பாள். "ஆமாம் தாயி, நானும் பாத்தேன். ஏன் மூழ்குச்சு?" என்பார். அவ்வளவுதான். மருதி உதட்டைப் பிதுக்கிக்கொண்டு மறுபடி கட்டுவாள். அதுவும் மூழ்கும். அவளுக்கு அழுகை வரும். அவருக்கும் வரும். ஆனாலும் கிளையைப் பிடித்த கையை அவர் விட மாட்டார். அந்தக் கை எத்தனை தடவை நீளப் பார்த்தது என்று அந்தக் கிளையைக் கேட்டால் சொல்லும். நான் சொல்கிறேன், பிள்ளைக்குச் செய்து கொடுப்பது சுலபம். செய்யாமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதற்குத்தான் பெரிய மனசு வேண்டும்.

ஒருநாள் காலையில் பிள்ளைகள் இருவரும் நார் எடுக்கக் கிளம்பினார்கள். ஓடைக்கு நடுவே ஒரு மணல் திட்டு. அதில் காட்டு வாழை அடர்ந்திருக்கும். முந்தின நாள் யானை ஒன்று புகுந்து நாலைந்து வாழையைச் சாய்த்து, மட்டைகளை உரித்துப் போட்டுவிட்டுப் போயிருந்தது. பழைய மட்டைகளில் காய்ந்த நாரும் ஏராளம். இருவரும் பாறைக்குப் பாறை தாவித் திட்டுக்குப் போய்விட்டார்கள்.

மலையில் மழை பெய்தது அவர்களுக்குத் தெரியாது. தலைக்கு மேல் நல்ல வெயில். ஆனால் தண்ணீர் செம்மண் நிறத்தில் புரண்டு வந்தது. தாவி வந்த பாறைகள் ஒவ்வொன்றாக மறைந்தன. திட்டின் ஓரத்து மணல் பொத்பொத்தென்று சரிந்தது.

"மருதி! தண்ணி ஏறுது!" என்று துடியன் அலறினான். சரசரவென்று ஒரு வாழையில் ஏறினான். வாழை வேரோடு சாய்ந்தது. அவன் பொத்தென்று மணலில் விழுந்தான்.

சத்தம் கேட்டு இந்தக் கரையில் செவந்தி ஓடி வந்தாள். பார்த்தவுடன் வயிற்றில் அடித்துக்கொண்டாள். "ஐயோ, என் பிள்ளை! நான் குதிக்கிறேன்!"

மாசானம் அவள் வாலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். தேவாங்கு பிடித்தால் பிடித்ததுதான். "செவந்தி, இந்த வெள்ளத்துல யானையே நிக்காது. நீ போயிட்டா அவனுக்கு யாரு?"

"அப்போ பிள்ளைங்களை இப்படியே பாத்துக்கிட்டு நிக்கணுமா?"

மாசானம் வாலை விடாமல் திட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திட்டில் மருதி சுற்றும் முற்றும் பார்த்தாள். பயத்தில் அவள் கண் இன்னும் பெரிதாகியிருந்தது. "துடியா, மட்டை கிடக்கு. நார் கிடக்கு. தெப்பம் கட்டுவோம்!"

"நாமளா?"

"பின்னே, யானை வந்து கட்டுமா?"

மருதி மட்டைகளை இழுத்து அடுக்கினாள். ஒரு மட்டையின் தடித்த முனை இந்தப் பக்கம் என்றால், அடுத்ததன் தடித்த முனை அந்தப் பக்கம். எல்லாத் தடித்த முனையும் ஒரே பக்கம் வந்தால் தெப்பம் அந்தப் பக்கமாகச் சாய்ந்து மூழ்கும். யார் சொன்னார்கள்? யாரும் சொல்லவில்லை. அவளுடைய தெப்பங்கள்தான் மூழ்கி மூழ்கிச் சொல்லியிருந்தன.

அதற்குள் தண்ணீர் கால் நனைக்க வந்துவிட்டது. மட்டைகள் நகர ஆரம்பித்தன. மருதி குப்புறப் படுத்து, இரண்டு கையாலும் இரண்டு காலாலும் மட்டைகளை அணைத்துப் பிடித்துக்கொண்டாள்.

"நான் விட்டா எல்லாம் போயிடும். சீக்கிரம் முடிச்சுப் போடு!"

துடியன் நாரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். "எனக்குத் தெரியாது!"

"விளையாடாதே! உன் பெட்டி எல்லாம் கிளையில தொங்குச்சே!"

"முதல் முடிச்சு அம்மா போட்டுத் தருவாங்க. கடைசி முடிச்சும் அம்மாதான்."

"நடுவுல?"

"நடுவுல நான் பிடிச்சுக்கிட்டு இருப்பேன்!" என்று சொல்லி துடியன் ஓவென்று அழுதான்.

அந்த நேரம் மைனா பறந்து வந்து வாழை இலையில் உட்கார்ந்தது. "உங்க அம்மா சொல்லச் சொன்னாங்க! நாரை இடது கையில பிடிக்கணுமாம். இல்லையில்லை, வலது கையாம். சுத்தி வளைச்சு உள்ளே விடணுமாம். கோணாம போடணுமாம். பயப்படக் கூடாதாம். பயப்படுறியாடா?"

துடியன் இன்னும் அதிகமாகப் பயந்தான்.

மருதி தலையைத் தூக்கி, "எங்கப்பா என்ன சொன்னாரு?" என்று கேட்டாள்.

"அவரா? ஒண்ணும் பெரிசாச் சொல்லலை. 'நான் இங்கேதான் நிக்கிறேன்னு சொல்லு' என்றாரு. அவ்வளவுதான்."

மருதி கரையைப் பார்த்தாள். புங்க மர வேரில் அப்பா நின்றுகொண்டிருந்தார். அவளுக்கு மூச்சு சீரானது.

"துடியா, என்னைப் பாரு. எப்படியாவது ஒரு முடிச்சுப் போடு."

"தப்பாப் போட்டா?"

"அவுந்துடும். மறுபடி போடு."

"அசிங்கமா இருக்குமே!"

"இருந்தா என்ன? தண்ணிக்குக் கண்ணா இருக்கு?"

துடியன் மூக்கை உறிஞ்சிக்கொண்டான். நாரைச் சுற்றினான், நுழைத்தான், இழுத்தான். பட்டென்று நார் அறுந்தது.

"பாத்தியா! எனக்கு வராதுன்னு சொன்னேன்ல!"

"காய்ஞ்ச நார் அப்படித்தான் அறும். நனைச்சுக்கோ! எனக்கு ஒரு மாசமா அறுந்துக்கிட்டே இருந்துச்சு, அப்புறம்தான் தெரிஞ்சுது."

துடியன் நாரைத் தண்ணீரில் முக்கி எடுத்தான். மறுபடி சுற்றினான். இந்தத் தடவை நார் வளைந்து கொடுத்தது. ஒரு சுற்று, இன்னொரு சுற்று. முனையை எங்கே விடுவது என்று தெரியாமல் பல்லால் கடித்து இழுத்தான். முடிச்சு ஒரு பெரிய கொப்புளம் மாதிரி வந்தது. ஆனால் நின்றது!

"நின்னுடுச்சு! மருதி, நின்னுடுச்சு!"

"ஒண்ணு போதாது! போடு, போடு!"

அவன் போட்டான். இரண்டாவது முதலாவதை விட மோசம். மூன்றாவது பரவாயில்லை. நாலாவது போடும்போது அவன் அழுகையை மறந்து நாக்கை வெளியே நீட்டிக்கொண்டிருந்தான். அந்தச் சின்னப் பயலைப் பார்த்து எனக்கே கை தட்டத் தோன்றுகிறது.

வெள்ளத்தில் மிதந்து போகும் சுள்ளிகளை மருதி கவனித்தாள். திட்டின் வால் முனைக்குப் போனவை எல்லாம் தங்கள் கரைப் பக்கமே ஒதுங்கின. இருவரும் தெப்பத்தை அங்கே தள்ளி ஏறிக் குப்புறப் படுத்தார்கள். வெள்ளம் தெப்பத்தைத் தூக்கியது. மைனா தலைக்கு மேல் கத்திக்கொண்டே பறந்தது.

பாதி ஓடையில் ஓரத்து முடிச்சு அவிழ்ந்தது. ஒரு மட்டை விலகிப் போகப் பார்த்தது.

கரையில் செவந்தி கண்ணை மூடிக்கொண்டாள். "முதல் முடிச்சை நான்தானே போடுவேன்! அவனை ஒரு தடவை போட விட்டேனா, பாவி! ஒரே ஒரு தடவை விட்டிருந்தா என்ன?"

"கண்ணைத் திற, செவந்தி. பிள்ளையைப் பாரு," என்றார் மாசானம்.

அவள் திறந்தாள். தெப்பத்தில் துடியன் வாலால் மட்டையை அணைத்துக்கொண்டு, தண்ணீர் முகத்தில் அடிக்க அடிக்க, நாரைச் சுற்றிக்கொண்டிருந்தான். யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. மைனாகூட வாயை மூடிக்கொண்டிருந்தது. அவன் சுற்றி, நுழைத்து, பல்லால் இழுத்து இறுக்கினான். மட்டை சேர்ந்துகொண்டது.

ஓடை வளைவில் ஒரு மருத மரத்தின் வேரில் தெப்பம் மோதி நின்றது. மருதி வேரைப் பிடித்து ஏறினாள். துடியன் ஒரே தாவலாகத் தாவினான். மாசானம் வாழ்க்கையில் முதல் தடவையாக ஓடி வந்தார்! மகளை அள்ளி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு, "மிதந்துச்சு தாயி, மிதந்துச்சு," என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். கண்ணீர் தாடையில் வழிந்தது. துடைத்துக்கொள்ளக்கூட இல்லை.

செவந்தி மகனை நக்கி, முத்தி, தட்டி, திட்டி, மறுபடி நக்கினாள். அப்போது தெப்பம் வேரை விட்டு மெல்ல நழுவியது.

"ஐயோ, எங்க தெப்பம்!" என்றான் துடியன். தெப்பத்திலிருந்து தொங்கிய நார் முனையைப் பிடித்துக்கொண்டு வேருக்கு ஓடினான்.

செவந்தியும் பாய்ந்து ஓடினாள். அவள் கை அவன் கையிலிருந்த நாரைத் தொட்டுவிட்டது.

"அம்மா, நான் கட்டுறேன்."

செவந்தியின் கை அப்படியே நின்றது. நாரை விட்டாள். இரண்டு கையையும் மார்போடு இறுக்கிக் கட்டிக்கொண்டாள். வெள்ளத்தைப் பார்த்து நின்றபோதுகூட அவள் அவ்வளவு பாடுபடவில்லை! துடியன் வேரைச் சுற்றினான். நார் நழுவியது. மறுபடி சுற்றினான். தெப்பம் இழுத்தது. செவந்தி உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவன் நாக்கை நீட்டிக்கொண்டு, நிதானமாக, முதல் முடிச்சையும் கடைசி முடிச்சையும் தானே போட்டான். தெப்பம் நின்றது.

மைனா குனிந்து பார்த்தது. "ஐயே, இவ்வளவு கோணலா இருக்கே! அக்கா, நீங்க கொஞ்சம் நேராக்கி விடக் கூடாதா?"

"தொட்டே, மூக்கை உடைப்பேன்!" என்றாள் செவந்தி, கண்ணீரோடு சிரித்துக்கொண்டே. "அது என் பிள்ளை போட்டது."

பிள்ளையின் கோணல் வேலையைக் கைகட்டிப் பார்த்திருக்கத் தெரிந்த பெற்றோர்தான் பிள்ளையின் கைக்கு உண்மையான பலம் தருகிறார்கள்.