பலவேசம் போன வழி

குழந்தையம்மைக்குச் சீடர் என்று இருந்தது ஒரே ஒருவர்தான். அவரும் அவளைவிட வயதில் மூத்தவர்.

பெயர் தாண்டவமூர்த்தி. ஊருக்குள் மேலத்தெருவில் பிறந்தவர். மனைவி இறந்த பிறகு வீட்டையும் வயலையும் அண்ணனிடம் விட்டுவிட்டு அவளுடைய பாறையடி மடத்துக்கு வந்துவிட்டார். மடம் என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு ஓட்டுக் கூரை, ஒரு வேப்பமரம், பின்னால் கொஞ்சம் வாழை. ஞானம் தேடி வந்த மனிதருக்குக் குழந்தையம்மை முதலில் கொடுத்தது விளக்குமாறு.

மடத்துக்குக் கீழே ஓடைக்கரைக் குடியிருப்பு. அங்கே ஒருவர் இறந்தால் இடுகாட்டுக்குப் போக மேலத்தெரு வழியாக நல்ல பாதை உண்டு. ஆனால் அந்தத் தெருவில் ஓடைக்கரைப் பாடையை விடமாட்டார்கள். ஓடைக்குள் இறங்கித்தான் போக வேண்டும். கோடை என்றால் வெறும் மணல். மழைக்காலத்தில் பாடையைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும்.

போன ஐப்பசியில் பலவேசத்தின் தாயாரை அப்படித்தான் கொண்டுபோனார்கள். நடு ஓடையில் ஒருவனுக்குக் கால் வழுக்கிவிட்டது. கிழவியைத் தண்ணீர் இழுத்துக்கொண்டு போனது. மறுநாள் எங்கோ கீழே, உடைமுள்ளில் சிக்கிக் கிடந்தவளை எடுத்து வந்து புதைத்தார்கள்.

இந்த ஐப்பசியில் பலவேசமே படுத்துவிட்டான். நெஞ்சு முழுக்கச் சளி. எழுந்திருக்கப் போவதில்லை என்று அவனுக்கே தெரிந்துவிட்டது. அவன் மனைவி மாடத்தி மடத்துக்கு வந்து வேப்பமரத்தடியில் நின்றாள்.

"உள்ள வா" என்றாள் குழந்தையம்மை.

"இருக்கட்டும்மா. ஒண்ணு கேட்டுட்டுப் போயிருதேன். எங்க வீட்டுக்காரரு இனிமே பொழைக்கணும்னு நான் கேக்கல. அவுகள நனையாமக் கொண்டுபோயிச் சேக்கணும். எங்க மாமியாளுக்கு வந்தது அவுகளுக்கும் வந்துறக்கூடாது. மேலத்தெருவுல எங்களுக்காக ஒரு வார்த்த பேச ஆளில்ல."

தாண்டவமூர்த்தி விளக்குமாற்றைக் கீழே போட்டார்.

"நான் பேசுதேன். அது என் தெரு. பலவேசம் நனையமாட்டான், நீ போ தாயி."

மாடத்தி கும்பிட்டுவிட்டுப் போனாள். குழந்தையம்மை குனிந்து விளக்குமாற்றை எடுத்து மூலையில் சாத்தி வைத்தாள்.

மேலத்தெருக் கூட்டம் வெள்ளிக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் கூடும். ஆண்கள் மட்டும்தான் வரலாம். மண்டபத்தின் பின்சுவரை ஒட்டிக் கோயில் களம். படையலுக்கான நெல்லைப் பெண்கள் அங்கே உட்கார்ந்து சொளகில் புடைப்பார்கள். தாண்டவமூர்த்தி எழுந்து நாட்டாமையைப் பார்த்துப் பேசினார். நன்றாகப் பேசினார். கிழவி முள்ளில் கிடந்த கோலத்தை அவர் சொன்னபோது மண்டபத்தில் ஒரு செருமல்கூட இல்லை.

நாட்டாமை வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"அப்பிடியே உங்க அப்பா கொரலுடா மூர்த்தி. கேக்கக் கேக்க நல்லா இருந்துச்சு. சரி, கோயில் காளை யார் வயல்ல மேஞ்சுதுன்னு ஒரு பேச்சு வந்துச்சே, அது என்ன ஆச்சு?"

அவ்வளவுதான். அடுத்த வெள்ளியும் பேசினார். அதற்கடுத்த வெள்ளியில் அவர் எழுந்ததும் இரண்டு பேர் எழுந்து வெளியே போனார்கள்.

பிறகு ஒவ்வொன்றாக நடந்தது. பங்காளி வீட்டுக் கல்யாணத்துக்கு அவருக்கு மட்டும் பாக்கு வைக்கவில்லை. சவரம் செய்கிறவர் இன்று ஆகாது என்றார். மறுநாள் போனாலும் இன்று ஆகாது என்றார். கூடப் படித்தவர்கள், கூடச் சீட்டாடியவர்கள், எதிரே அவர் வந்தால் திடீரென்று வேட்டியை அவிழ்த்துக் கட்ட ஆரம்பித்தார்கள். அண்ணன் உலகநாதன் மட்டும் நேராகவே சொன்னார்.

"ஏலே, சாமியாராப் போனவன் சாமியாரா இரு. நாளைக்கு எம் மவளுக்கு மாப்பிள்ள தேடணும். இந்த வாசப்பக்கம் இனிமே வராத."

ஓடைக்கரையிலாவது தனக்கு ஆள் உண்டு என்று அவர் நினைத்திருந்தார். அங்கே போனால் எல்லாரும் எழுந்து நின்றார்கள். அவர் போகும்வரை நின்றுகொண்டே இருந்தார்கள். ஒருவரும் அவரோடு உட்காரவில்லை. ஏன் என்று ஒருநாள் வாய்விட்டுக் கேட்டார்.

மாடத்தி சொன்னாள், "தப்பா நெனைக்காதீக சாமி. நீங்க வேண்டாம்னு நெனச்சா உங்க தெருவுக்குத் திரும்பிப் போயிருவீக. எங்களுக்கு ஓடை மட்டுந்தான் இருக்கு."

அன்று மடத்துக்கு வந்தவர் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். இரண்டு கரைக்கும் ஆகாத மனிதராகிவிட்டார். அது அவருக்கு வலித்தது. மறைக்கவும் தெரியவில்லை, கண் கலங்கியே இருந்தது.

"அம்மா, பேசினா மாறும்னு நெனச்சேன். பேசிப் பேசி நான்தான் தனியாளாப் போனேன். பேச்சால எதாவது மாறுமா, மாறாதா? நீங்க சொல்லுங்க."

"யாரப் பாத்துப் பேசினீரு?"

"நாட்டாமையை."

"வேற யாரு கேட்டா?"

"மண்டபத்துல இருந்த ஆம்பளைங்க."

"வேற?"

"வேற யாரு இருக்கா? அவங்கதான்."

குழந்தையம்மை அவர் முன்னால் சோற்றை நகர்த்தி வைத்தாள். "சாப்பிடும்" என்றாள்.

இரண்டு நாள் பெய்த மழையில் ஓடை நிறைந்தது. அந்த நேரம் பார்த்துப் பலவேசம் செத்துப்போனான்.

தாண்டவமூர்த்தி துண்டை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். "கடைசியா ஒருதடவ நாட்டாமை காலைப் பிடிச்சுப் பாக்குதேன்."

"காலைப் பிடிக்க வேண்டாம். பாடையப் பிடியும்" என்றாள் குழந்தையம்மை. "தோள் குடுத்து அடக்கத்த முடிச்சிட்டு, அதே ஈரத்தோட உம்ம அண்ணன் வாசல்ல போயி நில்லும். வாயத் தொறக்கக் கூடாது."

அவர் அப்படியே நின்றுவிட்டார். அவள் சொன்னது என்னவென்று மேலத்தெருவில் பிறந்த யாருக்கும் புரியும்.

அந்தத் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. பாடைக்குத் தோள் கொடுத்தவன் ஈரத்தோடு ஒரு வாசலில் வந்து நின்றால், அந்த வீட்டுப் பெண் அவன் தலையில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவாள். ஊற்றாமல் அனுப்பினால் வீட்டுக்குச் சாபம் என்பார்கள். ஊற்றிவிட்டால் அது அந்த வீட்டுச் சாவு. தெருவே அன்று அடுப்பு மூட்டாது. அதற்குப் பிறகு, செத்தவரின் ஆட்களுடைய பாடையை அந்தத் தெருவில் யாரும் மறிக்க முடியாது.

"கதவைச் சாத்திட்டா?" என்றார்.

"சாத்தட்டும். நீர் நில்லும்."

ஓடையில் இறங்கிய பிறகுதான் அவருக்கு அது என்னவென்று தெரிந்தது. இத்தனை வெள்ளிக்கிழமைகள் அதைப் பற்றிப் பேசியிருந்தாரே ஒழிய, ஒரு முறைகூட அந்தத் தண்ணீரில் கால் வைத்ததில்லை. கால் கட்டைவிரலை மணலில் ஊன்றி ஊன்றி நடக்க வேண்டியிருந்தது. நடு ஓடையில் தண்ணீர் மாருக்கு வந்தது. முன்னால் பிடித்தவன் தடுமாறினான். பாடை ஒரு பக்கம் சாய்ந்து தண்ணீருக்குள் போய் எழுந்தது. பிடித்துவிட்டார்கள். பலவேசம் போகவில்லை. ஆனால் தலையிலிருந்து கால்வரை நனைந்துவிட்டான்.

அடக்கம் முடிந்து அவர் இந்தக் கரைக்கு வந்தபோது மாடத்தி அங்கேயே நின்றிருந்தாள்.

"நனைஞ்சிட்டாகளா சாமி?"

அவரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். அவள் வேறு எதுவும் கேட்காமல் குடியிருப்புப் பக்கம் நடந்தாள். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு.

அப்படியே மேலத்தெருவுக்குப் போனார். வேட்டியில் சேறு. அவர் போகப் போக இரண்டு பக்கமும் கதவுகள் சாத்தப்படும் சத்தம் கேட்டது. அண்ணன் வாசலில் போய் நின்றார்.

உலகநாதன் வெளியே வந்து பார்த்தார். முகம் வெளிறிவிட்டது.

"எவன்டா சொல்லிக் குடுத்தான் உனக்கு இத? போலே, போயிருலே. கூடப் பிறந்தவன்னு பாக்கமாட்டேன்."

தாண்டவமூர்த்தி வாயைத் திறக்கவில்லை. அண்ணன் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் விழுந்தது. தெருவில் ஒரு நாய்கூட இல்லை. தான் ஓடி விளையாடிய தெரு, எந்தத் திண்ணையில் எந்தத் தூண் ஆடும் என்பதுகூடத் தெரிந்த தெரு. அங்கே இப்படி நிற்க நேர்ந்ததே என்று நினைத்தபோது ஓடையில் வராத நடுக்கம் அப்போது வந்தது. பற்கள் அடித்துக்கொண்டன. போய்விடலாமா என்று ஒரு காலை எடுத்தும் வைத்துவிட்டார்.

வீட்டுக்குள் ஏதோ பேச்சு உயர்ந்தது. தாழ்ப்பாள் விலகியது. மதினி சங்கரவடிவு இடுப்பில் குடத்தோடு வந்தாள். அண்ணன் பின்னால் நின்று அவள் சேலைத் தலைப்பைப் பிடித்திருந்தார்.

"விடுங்க" என்றாள். அவர் விட்டுவிட்டார்.

வாசலைத் தாண்டித் தாண்டவமூர்த்தி முன்னால் வந்தாள்.

"தம்பி, சாபத்துக்குப் பயந்து ஊத்த வரல. மூணு வெள்ளியும் சொவத்துக்கு அந்தப் பக்கம் உக்காந்து கேட்டேன். அந்தக் கெழவி முள்ளுல கெடந்தான்னு சொன்னீங்களே, அன்னைக்கிருந்து சொளகு கையில நிக்க மாட்டேங்குது. ஓடையில துணி அலசப் போனா தண்ணியப் பாக்கவே முடியல. குனிங்க."

அவர் குனிந்தார். தண்ணீர் விழுந்தது. குனிந்த இடத்திலேயே அழுதார்.

விளக்கு வைப்பதற்குள் மண்டபத்தில் கூட்டம் கூடிவிட்டது. புருசன் அனுமதி இல்லாமல் ஊற்றிய தண்ணீர் கணக்கில் சேராது, பலவேசம் சாவு மேலத்தெருச் சாவு இல்லை என்று முடிவானது. எல்லா வீட்டிலும் அடுப்பு எரிந்தது. சங்கரவடிவு மட்டும் அடுப்பு மூட்டவில்லை. அண்ணன் பக்கத்து வீட்டில் சாப்பிட்டார்.

மறுநாள் சாயங்காலம் தாண்டவமூர்த்தி மடத்துக்கு வந்தார். குழந்தையம்மை வாழைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மடத்துக் குடிதண்ணீர்க் குடம், நிறைய இருந்தது.

"எல்லாம் வீணாப் போச்சும்மா. பலவேசம் நனைஞ்சான். வழி அப்பிடியே அடைச்சுத்தான் கெடக்கு. என்ன மாறிச்சு?"

"உம்ம மதினி எப்பிடி இருக்கா?"

"அவங்க கதிதான் மோசம். தெருக் கெணத்தடியில அவங்க கால் வச்சதும் மத்த பொம்பளைங்க எல்லாம் வெலகிப் போயிட்டாங்க. அவங்க எறைச்சு முடிச்சுப் போற வரைக்கும் ஒருத்தி வரல. காலையிலயும் அப்பிடித்தான், சாயங்காலமும் அப்பிடித்தான். கயிற இழுக்கறாங்க, கீழயே பாக்கறாங்க. அந்த மொகத்தப் பாக்கச் சகிக்கல."

"பாத்தீரா?"

"பாத்தேம்மா."

"எங்க நின்னு பாத்தீரு?"

"கோயில் மதிலுக்கு இந்தப் பக்கம்."

குழந்தையம்மை எழுந்தாள். நிறைகுடத்தை எடுத்து முழுவதையும் வாழைக்கு ஊற்றினாள். வெறுங்குடத்தை அவர் கையில் கொடுத்தாள்.

"மடத்துல குடிக்கத் தண்ணி இல்ல. காலையில உம்ம மதினி வார நேரத்துக்கு அந்தக் கெணத்துக்குப் போயி எடுத்துக்கிட்டு வாரும்."

அவர் குடத்தை வாங்கிக்கொண்டு தயங்கினார்.

"நான் போயி பக்கத்துல நின்னா அவங்களுக்கு இன்னும் கெட்ட பேரு வந்துரும்மா."

"அத அவ சொன்னாளா?"

தாண்டவமூர்த்தி வெறுங்குடத்தைக் கொண்டுபோய், காலையில் எடுக்கத் தோதாக வாசலில் வைத்தார்.