செவந்தி குந்தாத நாள்

முன்னொரு காலத்தில் ஒரு நாடு இருந்தது. பெயரைக் கேட்காதீர்கள், சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். அந்த நாட்டு ராசாவுக்கு நல்ல மனசு, நல்ல பசி, மோசமான கவிதை. முதல் இரண்டையும் மக்கள் போற்றினார்கள். மூன்றாவதைப் பொறுத்துக்கொண்டார்கள்.

அவருடைய அவையில் மாசாணம் என்று ஒரு விகடகவி இருந்தான். தெற்கே பனங்காட்டுச் சீமையில் பிறந்தவன். வாயைத் திறந்தால் சொலவடைதான் வரும். வெயில் அடித்தால் அதற்கொன்று, மழை பெய்தால் அதற்கொன்று, இரண்டும் இல்லாமல் சும்மா இருந்தால் அதற்கும் ஒன்று வைத்திருப்பான். அரண்மனையில் சேர்ந்து தலை நரைக்கத் தொடங்கிய பிறகும் அவன் பேச்சில் ஊர் வாசனை போகவில்லை. போகவேண்டும் என்று அவன் நினைக்கவும் இல்லை.

ஒரு நாள் ராசா நிலாவைப் பற்றி ஒரு வெண்பா பாடினார். அவையே ‘ஆகா’ என்றது. சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். வயிற்றுப்பாடு மனிதனை எப்படியெல்லாம் அழவைக்கிறது! ராசாவுக்கு அதுவும் போதவில்லை. “மாசாணம், நீ என்ன சொல்கிறாய்?” என்று கேட்டுவிட்டார்.

“என்னத்தச் சொல்ல, மகாராசா? சட்டியில இருந்தாத்தான அகப்பையில வரும்” என்றான் மாசாணம்.

உடனே எழுந்தார் அவைப்புலவர் செந்நாவலர் உமாபதியார். மாசாணம் சொல்லும் சொலவடைக்கு ராசா சிரிக்கும்போதெல்லாம் இவருக்கு நெஞ்சு எரியும். இத்தனை வருடமாக இந்த ஒரு வாய்ப்புக்குத்தான் காத்திருந்தார்.

“வேந்தே! அரசவையில் சட்டியா? அகப்பையா? நாட்டுப்புறப் பேச்சும் நாற்சந்திப் பழமொழியும் தங்கள் திருச்செவியில் விழலாமா? இனி தங்கள் காதுபடச் செந்தமிழ் அல்லாது வேறு பேச்சு ஒலிக்கக்கூடாது என்று ஆணையிடுங்கள்!”

ராசாவுக்கு அந்த யோசனை தேனாக இனித்தது. கவிதையைக் குறை சொன்னான் என்று மாசாணத்தைத் தண்டித்தால், கவிதையில் குறை இருக்கிறது என்று ஊருக்குத் தெரிந்துவிடும். மொழியைத் தண்டித்தால் அந்தத் தொல்லை இல்லை. அங்கேயே சிங்காதனத்தில் அமர்ந்தபடி சட்டம் சொன்னார்: அரசர் காதுபட வட்டாரப் பேச்சுப் பேசுபவர் யாராக இருந்தாலும், அன்று சூரியன் மறையுமுன் நாட்டின் எல்லையைத் தாண்டிவிட வேண்டும்.

“எல்லாருக்குமா, மகாராசா?” என்றான் மாசாணம்.

“பாகன் முதல் பார்வேந்தன் வரை! எவருக்கும் விலக்கில்லை” என்றார் ராசா. அந்த மோனை அவருக்கே மிகவும் பிடித்துப்போய், இன்னொரு முறையும் சொன்னார்.

மாசாணம் சாயங்காலத்துக்குள் மாட்டிக்கொள்வான் என்று உமாபதியார் கணக்குப் போட்டிருந்தார். அந்தக் கணக்குத் தப்பிப்போனது. மறுநாள் மாசாணம் அவைக்கு வந்து, “ஞாயிறு போற்றும் நல்வேந்தே, அடியேன் வணக்கத்தை ஏற்றருள்க” என்று உமாபதியாரையே தோற்கடிக்கும் தமிழில் ஆரம்பித்தான். வேறு மொழி தெரியாததால் அல்ல, தன் மொழி பிடித்திருந்ததால்தான் அவன் அதைப் பேசிக்கொண்டிருந்தான் என்பது உமாபதியாருக்கு அன்றுதான் தெரிந்தது.

ஆனால் அரண்மனை சப்பென்று ஆகிவிட்டது. சமையல்காரர் தொட்டுக்கொள்கிற எல்லாவற்றையும் ‘வெஞ்சனம்’ என்றே சொல்லிப் பழகியவர். அதற்குச் செந்தமிழில் என்ன சொல்வது என்று தெரியாமல், சோற்றை மட்டும் வைத்துவிட்டுக் கும்பிட்டபடி நின்றார். ராசா வெறும் சோறு தின்றார். காவலர்கள் இருமுவதற்குக்கூட யோசித்தார்கள்.

முதலில் மாட்டியவன் ஒரு பாவப்பட்ட மனிதன். நஞ்சப்பன். மேற்கு மலையோரத்துக்காரன், பட்டத்து யானை செவந்திக்குப் பாகன். செவந்தி குட்டியாகப் பிடிபட்டு வந்த நாளிலிருந்து அவளுக்குக் கஞ்சி ஊற்றியவன், காய்ச்சலுக்கு மூலிகைப் பத்து அரைத்தவன், அவளோடு ஆற்றில் குளித்தவன் எல்லாம் அவன்தான். ஒரு நாள் ராசா யானைக் கொட்டில் பக்கம் வந்தபோது, அவர் நிற்பதைக் கவனிக்காமல் செவந்தியின் காதருகே, “சித்தெ குந்து கண்ணு” என்றான். செவந்தி உட்கார்ந்தாள். ராசாவுக்குப் பின்னால் நின்ற உமாபதியாரோ துள்ளிக் குதித்தார்.

“சற்றே அமர்க என்பதற்குச் சித்தெயாம்! குந்துவாம்! வேந்தே, சட்டம்!”

ராசாவுக்கு மனசில்லை. ஆனாலும் சொன்ன சொல் கழுத்தைப் பிடித்தது. முடிசூட்டு நாள் உலா நெருங்கிக்கொண்டிருந்ததால், உலா முடிகிற அன்று மாலை நஞ்சப்பன் நாட்டைவிட்டுப் போகவேண்டும், அதுவரை அவர் காதுபட வாயைத் திறக்கக்கூடாது என்று தீர்ப்பாயிற்று.

நஞ்சப்பன் மாசாணத்தின் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்து, துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதான்.

“ஏனுங்க, நான் எங்கியோ போயி பொழச்சுக்குவனுங்க. அவ எப்புடீங்க இருப்பா? வேற ஆளு கையில ஒரு வாய் திங்க மாட்டாளுங்க. பட்டினி கெடந்தே செத்துருவா.”

தன் ஒரு சொலவடையால் இந்த மனிதனுக்கு இந்தக் கதியா என்று மாசாணத்துக்கு வெட்கமாக இருந்தது. அவன் அருகில் உட்கார்ந்தான்.

“அழாதயும்வே. ஒண்ணு சொல்லும். அவள எப்படி நடத்துதீரு?”

“கால் பெருவெரல்ல காதுக்குப் பொறத்தால அமுக்குனா எந்திரிப்பாளுங்க, நடப்பாளுங்க, திரும்புவாளுங்க, நிப்பாளுங்க.”

“குந்த வைக்க?”

“அதுக்கு மட்டும் வாயில சொல்லோணுமுங்க. அதுவும் கொஞ்சிச் சொல்லோணும். அதட்டுனா கேக்க மாட்டா.”

மாசாணத்தின் முகம் மலர்ந்தது. “அப்பம் ஒண்ணு செய்யும். உலா அன்னைக்கு வாயைத் திறக்காதயும். கால் வெரலுக்குத் தடையில்ல, அதால நடத்தும். குந்த வைக்கிற சோலி மட்டும் உமக்கு வேண்டாம். அதைப் புலவரு பாத்துக்கிடுவாரு.”

மறுநாள் அவையில் மாசாணம் கைகூப்பி நின்றான். “வேந்தே, உலா நாளில் பட்டத்து யானைக்கும் செந்தமிழிலேயே ஏவல் நடக்கவேண்டும். செந்நாவலரே தங்கள் பின்னால் அம்பாரியில் அமர்ந்து ஏவினால், அயல்நாட்டார் கண்டு வியப்பார்கள் அல்லவா?”

உமாபதியாருக்குத் தலைகால் புரியவில்லை. ஆயுளில் ஒருமுறைகூட யானைமேல் ஏறாதவர். சந்தேகப்படுவதற்கு வேண்டிய புத்தி அவருக்கு இருந்தது; ஆனால் அம்பாரியில் ராசாவோடு இடம் என்றதும் புத்தி ஒதுங்கிக்கொண்டது.

உலா நாள் வந்தது. அம்பாரி கட்டும் முன்பே, ராசா வருவதற்குள், கொட்டிலுக்குள் நஞ்சப்பன் செவந்தியைக் குந்த வைத்திருந்தான். ராசாவும் புலவரும் ஏறிக்கொண்டார்கள். “எழுக, பிடியே!” என்று முழங்கினார் உமாபதியார். யானையின் கழுத்தில் இருந்த நஞ்சப்பனின் பெருவிரல் அசைந்தது, செவந்தி எழுந்தாள். “நடக்க!” என்றார், நடந்தாள். “வலம் திரும்புக!” என்றார், திரும்பினாள். “கண்டீர்களா வேந்தே, செந்தமிழின் ஆற்றலை! விலங்கும் உணர்கிறது!” என்று அவர் பூரித்தார். கீழே நடந்து வந்த மாசாணம் பயபக்தியோடு தலையாட்டினான்.

தெருத்தெருவாக மக்கள் ராசாவுக்கு இளநீர் கொடுத்தார்கள். ஒருவர் கொடுத்ததைக் குடித்துவிட்டு இன்னொருவர் கொடுத்ததை மறுத்தால் மனம் நோகும் என்று நல்ல மனசுக்காரரான ராசா எல்லாவற்றையும் குடித்தார். உச்சி வெயிலில் அரண்மனை வாசலுக்குத் திரும்பியபோது, குடித்த இளநீர் எல்லாம் சேர்ந்து வெளியே வழி கேட்டது. ராசா காலை இறுக்கிக்கொண்டார்.

“புலவரே, உடனே யானையை அமர்த்துங்கள்.”

“அமர்க, பிடியே!” என்றார் உமாபதியார். செவந்தி காதை ஆட்டினாள்.

“இருக்கை கொள்க! முழந்தாள் மடிக்க! தாழ்க!” செவந்தி வாசல் தோரணத்திலிருந்து ஒரு கரும்பைப் பிடுங்கிக் கடித்தாள். உமாபதியார் வியர்த்து விறுவிறுத்து, அந்த இடத்திலேயே ஒரு வெண்பா கட்டிப் பாடினார். அவள் இரண்டாவது கரும்பைப் பிடுங்கினாள்.

ஏணி கொண்டு வந்தார்கள். செவந்திக்கு ஏணி பழக்கமில்லை. சாத்தியதும் ஒதுங்கினாள், மறுபடி சாத்தியதும் அதைத் துதிக்கையால் எடுத்துக் கோட்டைச் சுவரில் பத்திரமாகச் சாய்த்து வைத்தாள்.

“பாகனே, நீ சொல்!” என்று அலறினார் ராசா. நஞ்சப்பன் வாயைப் பொத்திக் கும்பிட்டான்.

“அவன் பேசலாகாது என்பது தங்கள் தீர்ப்பு, வேந்தே” என்றான் மாசாணம் கீழிருந்து.

“அந்தச் சட்டத்தை இப்போதே நீக்குகிறேன்!”

“சிங்காதனத்தில் அமர்ந்து சொன்னதைச் சிங்காதனத்தில் அமர்ந்தே மாற்றவேண்டும் என்பது தங்கள் முன்னோர் வழக்கம் ஆயிற்றே. அதற்குத் தாங்கள் முதலில் இறங்கவேண்டும்.”

“நீயாவது சொல்லித் தொலை!”

“சொல்லிவிடுவேன், வேந்தே. ஆனால் சூரியன் மறையுமுன் எல்லையைத் தாண்டுமளவுக்கு அடியேன் காலில் வலுவில்லை.”

ராசாவின் நெற்றியில் வியர்வை முத்துமுத்தாக நின்றது. இளவரசனாக இருந்த காலத்திலிருந்து அவர் ஏறிய யானை அது; அந்தச் சொல் அவருக்குத் தெரியாதா என்ன? பல்லைக் கடித்துக்கொண்டு, “குந்து!” என்று கத்தினார். செவந்தி அசையவில்லை. அதட்டினால் அவள் கேட்கமாட்டாள். ராசா சுற்றிலும் பார்த்தார். அயல்நாட்டுத் தூதர்கள் நின்றார்கள்; ஊரே நின்றது. பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து, யாரும் அவரிடம் கேட்டிராத குழைவோடு, “சித்தெ குந்து கண்ணு! எம்பட ராசாத்தி, குந்து சாமி!” என்றார்.

செவந்தி பூப்போல உட்கார்ந்தாள். ராசா ஓடியதை வர்ணிப்பது மரியாதையல்ல.

திரும்பி வந்தபோது அவர் முகத்தில் பரம சுகம். வாசலில் மாசாணம் ஒரு கட்டுச்சோற்று மூட்டையை ஏந்திக்கொண்டு நின்றான்.

“இது என்ன?”

“வழிச்சோறு, வேந்தே. தங்கள் காதுபடத் தாங்களே வட்டாரப் பேச்சுப் பேசினீர்கள். பாகன் முதல் பார்வேந்தன் வரை விலக்கில்லை. பொழுது சாய்வதற்குள் எல்லையைத் தாண்டவேண்டும்; நஞ்சப்பனும் கிளம்புகிறான், பேச்சுத்துணை ஆகும்.”

ராசா மெல்லத் திரும்பி உமாபதியாரைப் பார்த்தார். “புலவரே, சட்டம் உம்முடைய யோசனை. நான் போகவேண்டுமா, வேண்டாமா?”

போகவேண்டும் என்றால் ராசத்துரோகம். வேண்டாம் என்றால் சட்டமே பொய். கடைசியில் உமாபதியாருக்கு ஒரு வழி தெரிந்தது.

“வேந்தே, குற்றமே இல்லை! பேச்சு என்பது மனிதர் மனிதருக்குச் சொல்வது. யானையிடம் சொன்னது பேச்சாகாது!”

“எல்லாருக்கும் கேட்குமாறு இன்னொருமுறை சொல்லுங்கள், செந்நாவலரே” என்றான் மாசாணம்.

“யானையிடம் சொன்னது பேச்சாகாது!”

“நல்ல தீர்ப்பு. நஞ்சப்பனும் யானையிடம்தானே சொன்னான்?”

நஞ்சப்பன் அப்படியே செவந்தியின் துதிக்கையைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதான். இந்தத் தடவை துண்டை வாயில் வைக்கவில்லை. ராசா தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனார். ஆனால் சட்டத்தை மட்டும் நீக்கவில்லை. ஒரே நாளில் இரண்டு முறை இறங்கிவருவதற்கு எந்த ராசாவுக்கு மனசு வரும்?

மறுநாள் காலை அவை கூடியபோது, கொலுமண்டபத்து வாசல் இருண்டது. செவந்தி தலையை உள்ளே நீட்டிக்கொண்டு நின்றாள். பக்கத்தில் நஞ்சப்பன். அவள் காதருகே மாசாணம் நின்று, ராசாவைத் திரும்பியே பார்க்காமல், உரக்கப் பேச ஆரம்பித்தான்.

“ஏட்டி செவந்தி, கேட்டியா? நம்ம மகாராசா நல்லவருதான். ஆனா காதை இறுக்கி மூடிக்கிட்டு ஊருல என்ன நடக்குன்னு கேட்டா எப்படித் தெரியும்? கெடக்கது கெடக்கட்டும், கிழவனைத் தூக்கி மணையில வைன்னானாம். கால்வாய் ஒடஞ்சு கெடக்கு, இங்க பேச்சுக்குச் சட்டம் போடுதாவ.”

சமையல்காரர் ஓடி வந்து, “ஆத்தா, ராசா வெறுஞ்சோறு திங்கிறாரு, வெஞ்சனம் கேட்டுச் சொல்லு” என்றார். காவலர்கள் வந்தார்கள். கால்வாய்க் கரைக் குடியானவர்கள் வந்தார்கள். ராணிகூட ஒரு தோழியை அனுப்பினாள். எல்லோரும் யானையிடம் பேசினார்கள். தத்தம் ஊர்ப் பேச்சில், தத்தம் ஊர்ச் சொலவடையோடு. சிங்காதனத்தின் பக்கம் ஒரு ஈ காக்கை இல்லை. அங்கே உட்கார்ந்தபடி, ராசா தன் நாட்டில் நடப்பதை எல்லாம் காது குளிரக் கேட்டார்; சில இடங்களில் காது கூசவும் கேட்டார்.

வரிசை ஓய்ந்தபோது உமாபதியார் எழுந்தார். அக்கம்பக்கம் பார்த்தார். யானை அருகே போய்க் குரலைத் தாழ்த்தினார். ஆனால் கொலுமண்டபம் எதிரொலிக்கும் மண்டபம்.

“ஏத்தா, இந்த மாசாணம்பய என்னைய இம்புட்டுப் பாடு படுத்துறானே, நீயாச்சும் என்னன்னு கேக்கக் கூடாதா? எங்கூரா இருந்தா அங்குட்டே வெளுத்திருப்பேன்!”

சிங்காதனத்தில் அமர்ந்திருந்த ராசாவிடமிருந்து ஒரு சிரிப்புப் புறப்பட்டது. கிரீடம் நழுவி மடியில் விழும்வரை சிரித்தார். சிரித்துக்கொண்டே சிங்காதனத்தில் இருந்தபடியே சட்டத்தை ரத்து செய்தார். கால்வாயைக் கட்ட ஆள் அனுப்பினார். தன் கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி மாசாணத்தின் கழுத்தில் போட்டார். நஞ்சப்பனுக்குக் கொட்டிலை ஒட்டி வீடும் நிலமும் தந்தார். உமாபதியாரைப் பார்த்து, “புலவரே, இருபது வருடமாக உம்மை அவையில் வைத்திருக்கிறேன்; இன்றைக்குத்தான் நீர் பேசிக் கேட்டேன்” என்றார்.

உமாபதியார் வெட்கத்தோடு சிரித்தார். அதுவும் எல்லோரும் முதன்முதலாகப் பார்த்ததுதான்.