கருப்புக் குட்டியின் வேர்

மதிபெருகி என்று ஓர் ஊர். அங்கே மதி அவ்வளவு பெருகிக் கிடந்தது. கிடந்தும் என்ன, யாரும் அதை எடுத்துச் செலவு பண்ணுவதில்லை. அவசரத்துக்கு வேண்டியிருக்குமே என்று அப்படியே வைத்திருந்தார்கள்.

அந்த ஊர் வள்ளிமயிலிடம் ஒரு வெள்ளைச் செம்மறி ஆடு இருந்தது. அவளுக்குச் சொத்தும் அதுதான், சொந்தமும் அதுதான். ஊரில் இருந்த பொதுக்கிடாவும் வெள்ளை. ஒரு நாள் காலையில் ஆடு ஒரு கிடாய்க்குட்டி போட்டது. பார்த்தால் குட்டி கன்னங்கரேல் என்று இருந்தது. வள்ளிமயில் அதை மடியில் போட்டுக் கொஞ்சி முடிப்பதற்குள் அடுத்த வீட்டுச் சன்னாசி வந்து நின்றான். அவனுடைய ஆடுகள் அத்தனையும் கருப்பு.

"கருப்புன்னா என்னுதுதான மதினி? குடுங்க இங்க."

"என் ஆடு என் கண்ணு முன்னாடி போட்டுச்சு கொழுந்தனாரே!"

"போட்டுச்சு, இல்லங்கல. என் ஆடு போட வேண்டியத உங்க ஆடு முந்திக்கிட்டுப் போட்டிருச்சு."

இப்படி ஒரு வாதத்தை வைத்தால் எந்த ஊர்தான் கூடாமல் இருக்கும்? அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதிபெருகியும் கூடியது. தலைவர் வீரபுத்திரன் நாற்காலியில் உட்கார்ந்தார். அவருக்கு யோசனை சொல்ல அங்குராசு பக்கத்தில் நின்றான். தலைவருக்கே யோசனை சொல்கிறவன் என்றால் அவன் அறிவு எப்பேர்ப்பட்டது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்று ஆடுகளுக்கு ஊசி போட வந்திருந்த கால்நடை டாக்டர் தமிழ்க்கொடியையே கேட்டுவிடலாம் என்று முடிவாயிற்று. அந்த அம்மாள் பொறுமைசாலி. இந்த ஊருக்குப் புதுசு வேறு.

"எல்லா உயிருக்கும் உடம்புக்குள்ள மரபணுன்னு ஒண்ணு இருக்கு. இன்ன நிறம், இன்ன உயரம்னு அதுலதான் பதிஞ்சிருக்கும். பாதி தாய்கிட்டேருந்து வரும், பாதி தகப்பன்கிட்டேருந்து வரும். செம்மறியில வெள்ளை ஓங்கி நிக்கும், கருப்பு உள்ள ஒளிஞ்சிருக்கும். தாய், தகப்பன் ரெண்டுலயும் ஒளிஞ்சிருக்கிற கருப்பு ஒண்ணு சேர்ந்தா, வெள்ளைக்கும் வெள்ளைக்கும் கருப்புக் குட்டி பிறக்கும். இது சாதாரணம்."

உடனே அங்குராசு வள்ளிமயிலின் ஆட்டுடைய வாயைப் பிளந்து உள்ளே எட்டிப் பார்த்தான்.

"ஒளிஞ்சிருக்கறதாத் தெரியலயே தலைவரே."

"நீ கூப்பிடாமப் பாத்தா எப்படிடா தெரியும்? கூப்பிடு."

"ஏ கருப்பு! வெளிய வா!" என்று அங்குராசு ஆட்டின் தொண்டைக்குள் கத்தினான். ஆடு அவன் முகத்தில் தும்மியது.

"அது கெடக்கட்டும்" என்றார் தலைவர். "பாதி தாய், பாதி தகப்பன்னா, குட்டிக்கு முன்பாதி யாருது?"

"முன்பாதி தாய்தான். தகப்பனுக்கு முன்னால வந்தவ அவதான?" என்றான் அங்குராசு.

டாக்டருக்குத் தலை சுற்றியது. சோதனை செய்து நிரூபித்துவிட்டால் தீர்ந்தது என்று நினைத்தார். பாவம், படித்தவர். வழக்கில் இருந்த ஆடுகளிடம் ரத்தம் எடுத்துக்கொண்டார். குட்டி மட்டும் கையில் சிக்காமல் கண்மாய்ப் பக்கம் ஓடிவிட்டது.

"குட்டி வந்ததும் அதோட முடி நாலு பிடுங்கி எனக்கு அனுப்புங்க. சும்மா கத்தரிக்கக் கூடாது. வேரோட இருக்கணும், மறந்துடாதீங்க."

மறப்பார்களா? குட்டி வந்ததும் முடியைப் பிடுங்கினார்கள். பிடுங்கிய முடியை வெயிலில் தூக்கிப் பிடித்து ஊரே பார்த்தது.

"அடியில வெள்ளையா ஒரு புள்ளி இருக்கே?" என்றாள் வள்ளிமயில்.

"அது புள்ளி. வேருன்னா கிளை கிளையா ஓடணும். நான் வெவசாயி, எனக்குத் தெரியாதா?" என்று தலைவர் அவளை அடக்கினார். "இன்னும் வேர் பிடிக்கல. நட்டு வைங்க."

நட்டு வைத்தார்கள். பஞ்சாயத்துத் தொட்டியில் செம்மண் போட்டு, எரு போட்டு, முடியை ஊன்றி, முறை வைத்துத் தண்ணீர் ஊற்றினார்கள். கொஞ்ச நாளில் முளைத்தது. கருப்பு முடி பச்சையாக முளைத்ததில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. பச்சை உள்ளே ஒளிந்திருந்ததாம். அதில் பாதியை வேரோடு பிடுங்கி டாக்டருக்கு அனுப்பினார்கள். மீதி தொட்டியிலேயே தழைத்தது.

டாக்டர் போனில் கூப்பிட்டார். "தலைவரே, என்னய்யா இது? நீங்க அனுப்பினது அருகம்புல்லு! சோதிக்கவே வேண்டாம், பாத்தாலே தெரியுது..."

தலைவர் போனை வைத்துவிட்டார். தீர்ப்பு கிடைத்த பிறகு பேச என்ன இருக்கிறது?

"மக்களே! குட்டியோட தாய் யாருன்னு தெரிஞ்சுபோச்சு. அருகம்புல்லு. டாக்டரே பாத்துச் சொல்லிட்டாங்க. குட்டி சன்னாசிக்கும் இல்ல, வள்ளிமயிலுக்கும் இல்ல. பெத்த தாய்கிட்ட ஒப்படைக்கிறோம்."

குட்டியை ஆட்டிடமிருந்து பிரித்துக் கொண்டுவந்ததும் வள்ளிமயில் தலைவர் காலிலேயே விழுந்துவிட்டாள். "ஐயா, அது இன்னும் பால்குடி மறக்கலய்யா. என் ஆடு மடி நெறையப் பாலோட கதறுதுய்யா." தலைவர் அவளைத் தூக்கி நிறுத்தினார், ஆனால் அவருக்குத் தீர்ப்பை மாற்றுகிற வழக்கம் இல்லை.

குட்டியைத் தொட்டிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து விட்டார்கள். தாயும் பிள்ளையும் சேரும் காட்சியைப் பார்க்க ஊரே கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றது. குட்டி தாயை முகர்ந்து பார்த்தது. ஒரு வாய் கடித்தது. பிறகு மொத்தத்தையும் தின்று முடித்து, தொட்டியையும் நக்கியது.

"அடப்பாவி! பெத்தவளயே தின்னுட்டானே!" என்று அங்குராசு தலையில் அடித்துக்கொண்டான்.

என்ன இருந்தாலும் சாவு சாவுதான். அதற்கான முறையைச் செய்ய வேண்டும். தாய்க்கு ஒரே பிள்ளை, அதுவும் ஆண்பிள்ளை. ஆகவே குட்டிக்கு மொட்டை போட்டார்கள். சவரக்காரர் ஒரு முடி விடாமல் வழித்து எடுத்துவிட்டார். உள்ளே இருந்து வெளிறின தோலோடு ஒரு பிராணி நடுங்கிக்கொண்டு வெளியே வந்தது.

சன்னாசி அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தான். அவன் முகம் விழுந்துவிட்டது.

"இது என் குட்டி இல்ல தலைவரே. என்னுது கருப்பு."

வள்ளிமயில் வேறு யாரும் வாய் திறக்கக் காத்திருக்கவில்லை. குட்டியை வாரிச் சேலைக்குள் சுருட்டிக்கொண்டு ஓடினாள். கொஞ்ச நேரத்தில் அவள் வீட்டுப் பக்கம் ஆடு கதறுவது நின்றது. குட்டி பால் குடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"அப்ப என் குட்டி எங்க?" என்று சன்னாசி அழுகிற குரலில் கேட்டான்.

தலைவர் சுற்றிலும் பார்த்தார். சவரக்காரர் காலடியில் கருப்பு முடி குவிந்து கிடந்தது.

"அந்தா படுத்துக் கெடக்கு பாரு. எழுப்பாம மெதுவாத் தூக்கிட்டுப் போ."

சன்னாசிக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. குவியலைத் துண்டில் அள்ளிக்கொண்டு போய்க் கயிறு கட்டி முளையில் கட்டினான். முன்னால் தழை போட்டான், தண்ணீர் வைத்தான். மறுநாள் விடிந்ததும் தலைவர் வீட்டுக்கு வந்துவிட்டான்.

"குட்டி எதையும் தின்ன மாட்டேங்குது தலைவரே. கூப்பிட்டாலும் கத்த மாட்டேங்குது."

தலைவர் பெருமூச்சு விட்டார். "தின்னது தாய்னு இப்பத்தான உறைச்சிருக்கும். ரெண்டு நாளைக்கு ஒண்ணும் கேக்காத."