பத்து மூச்சு நேரம்

ஈச்சங்காட்டுக் குட்டையின் கரையில் ஒரு புள்ளிமான் கூட்டம் வாழ்ந்தது. கோடையில் குட்டை வற்றத் தொடங்கியதும் இரண்டு நாள் நடையில் இருக்கும் மடுவுக்கு அது குடிபெயரும். கிளம்பும் முன் ஒவ்வொரு குட்டியும் கரைச் சேற்றில் பதிந்த தடங்களைப் படித்துக் காட்ட வேண்டும். வந்தது யார், போனது எந்தப் பக்கம் என்று சொல்லத் தெரியாத குட்டியைக் கூட்டம் அழைத்துப் போகாது.

மருதை என்ற பெண்மானுக்கு நவ்வி என்று ஒரே மகள். காற்றில் வரும் வாசனையை மற்றவர்களுக்கு முன்பே சொல்லிவிடுவாள். தடம் படிப்பது மட்டும் வரவில்லை. ஆனால் அது யாருக்கும் தெரியாது. முன்னால் ஓடுகிற மானின் வாலைப் பார்த்து, அது திரும்பும் பக்கம் தானும் திரும்பிக்கொள்வாள்.

ஒரு நாள் காலை நவ்வியே முன்னால் ஓட நேர்ந்தது. செந்நாய்கள் போன பக்கமாகவே திரும்பினாள். மருதை பாய்ந்து குறுக்கே நின்று மறித்தாள்.

"கண்ணை எங்கேடி வச்சிருந்தே? தடம் அவ்வளவு தெளிவா இருக்கே!"

"ஒரு தரம் பார்த்தா வந்த மாதிரி இருக்கும்மா. மறுபடி பார்த்தா போன மாதிரி இருக்கு. அது ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குது."

"சேறு எழுந்து ஆடுதா? சோம்பலுக்கு இப்படி ஒரு சாக்கா?"

அன்று முதல் மருதை மகளைத் தினமும் கரைக்கு இழுத்துப் போனாள். "பாரு. நல்லாப் பாரு" என்றாள். பார்க்கப் பார்க்க நவ்வியின் கண்ணில் நீர்தான் நிறைந்தது. மற்ற குட்டிகள் அவளுக்கு 'வால்பார்த்தா' என்று பெயர் வைத்தன.

கூட்டத்தின் தலைவி கருவாலி ஒரு மாலை வந்தாள். "இன்னும் இருபது நாள்தான் மருதை. அதுக்குள்ள படிக்கலைன்னா உன் மக இங்கேதான்."

கூட்டத்தில் வாய் திறந்து மருதைக்குப் பழக்கமில்லை. வற்றிய குட்டையோரம் ஒரு குட்டி தனியாக எத்தனை நாள் உயிரோடு இருக்கும் என்று மட்டும் நினைத்துப் பார்த்தாள்.

அப்போது கரையோரப் புற்றின் அடியிலிருந்து ஒரு குரல் கேட்டது. அங்கே குடியிருந்த சுண்டி என்ற மூஞ்சூறு அது.

"நானும் தினம் கேட்கறேன். பாரு, பாருன்னு. வத்தின குழியைக் காட்டி நல்லாக் குடின்னு சொன்னா புள்ள என்ன பண்ணும்?"

"உனக்கே பகல்ல கண்ணு சரியாத் தெரியாது. தடத்தைப் பத்தி நீ பேசறியா?"

"தெரியாதுதான். அதனாலதான் உள்ளே இறங்கிப் படிக்கறேன். உங்களுக்கு அது தடம். எனக்கு அது ஒரு அறை."

சுண்டி நவ்வியிடம் போனது. "உனக்கு அது எப்படித் தெரியுது? சொல்லு கண்ணு."

அந்தக் கேள்வியை இதுவரை யாரும் அவளிடம் கேட்டதில்லை. நவ்வி நெடுநேரம் பேசினாள். மருதை தலையைக் குனிந்துகொண்டாள்.

"இவ கண்ணும் கெடலை, புத்தியும் கெடலை" என்றது சுண்டி. "தடம் கண் வழியா உள்ளே போறப்ப புரண்டுக்குது. வேற வழியா அனுப்பணும்."

மறுநாள் பாடம் தொடங்கியது. ஒரு நாளைக்கு ஒரே தடம். நவ்வி குளம்பைப் பள்ளத்துக்குள் மெல்ல வைப்பாள். விளிம்பைத் தடவி அது யாருடைய கால் என்று அறிவாள். பிறகு வாய்விட்டுச் சொல்வாள். "இந்தப் பக்கம் ஆழம். அந்தப் பக்கம் ஆழமில்லை. ஆழமான பக்கம் போயிருக்கு." பாடம் முடிந்ததும் சருகைக் கிளறிவிடுவாள். அடியில் ஓடும் பூச்சிகள் சுண்டிக்கு.

நாலாம் நாள் படித்தது ஐந்தாம் நாள் மறந்துபோயிற்று. "மறந்தா மறுபடி" என்றது சுண்டி. பொறுக்கமாட்டாமல் மருதை விடையை முணுமுணுத்தாள்.

"நீ சொன்னா பாடம் உனக்குத்தான் ஏறும். சும்மா பக்கத்துல நில்லு. அது போதும்."

இருபதாம் நாள் வந்தது. குட்டிகள் ஒவ்வொன்றாகச் சேற்றைக் கடந்து ஓடின. ஓட்டத்திலேயே படித்துச் சொல்லின. நவ்வி மட்டும் தடத்தருகே நின்றுவிட்டாள்.

"ஓடிக்கிட்டே படிக்கணும்" என்றாள் கருவாலி. "நின்னு படிக்கறவளுக்காகச் சிறுத்தை காத்திருக்காது."

மருதை முன்னே வந்தாள்.

"காத்திருக்காதுக்கா. அதனாலதான் கேட்கறேன். பத்து மூச்சு நேரம் கொடுங்க. அவ படிக்கறவரைக்கும் நான் காவல் நிக்கறேன்."

சொல்லிவிட்டு மகளுக்கு முதுகைக் காட்டி, காட்டைப் பார்த்து நின்றாள். இனி அவளால் தடத்தைப் பார்க்க முடியாது. விடையை முணுமுணுக்கவும் முடியாது. தன் மூச்சை எண்ணினாள். ஐந்து. ஆறு. பின்னால் யாரோ சிரித்தார்கள். ஏழு. எட்டு.

"சிறுத்தை" என்றாள் நவ்வி. "கிழக்கேயிருந்து வந்திருக்கு. தண்ணி குடிச்சிருக்கு. வடக்கே போயிருக்கு."

கருவாலி குனிந்து பார்த்தாள். "வடக்கேதான்" என்றாள். பிறகு நவ்வியை மற்ற குட்டிகளோடு போய் நிற்கச் சொன்னாள்.

கூட்டம் கிளம்பியது. தடங்கள் இன்னமும் நவ்வியின் கண்ணில் புரண்டுகொண்டுதான் இருந்தன. வழியில் சேறு வந்த இடமெல்லாம் அவள் நின்று, குளம்பை வைத்துப் படித்தாள். அவளருகே மருதை காவல் நின்றாள்.

இரண்டாம் நாள் கருவாலி மெல்ல மருதையின் பக்கம் வந்தாள். அவளுடைய கடைசி மகன் பின்னால் வந்துகொண்டிருந்தான். அவன் கண் தரையில் இல்லை. முன்னே போகிறவளின் வாலில் இருந்தது. இருபதாம் நாளும் தனக்கு முன்னால் ஓடியவள் சொன்னதையே அவன் திருப்பிச் சொல்லியிருந்தான்.

"மருதை, அந்த மூஞ்சூறு சொல்லிக் கொடுத்ததெல்லாம் உன் மகளுக்கு ஞாபகம் இருக்கா?"

மருதை பதில் சொல்லும் முன்பே நவ்வி திரும்பினாள்.

"தம்பி, இங்கே வா. காலை இதுக்குள்ள வை. அவசரமில்லை."

குட்டிகள் இருவரும் சேற்றில் குனிந்தார்கள். தாய்கள் இருவரும் காட்டைப் பார்த்துக் காவல் நின்றார்கள்.

ஒரு குழந்தைக்குப் பாடம் ஏறவில்லை என்றால், குழந்தையைக் குறை சொல்லாமல் கற்பிக்கும் வழியை மாற்றி, அது படித்து முடிக்கும்வரை துணை நிற்க வேண்டும்.