பசி திரும்பி வந்தபோது

ஆலைத் தொழிலாளர் சங்கத் தலைவர் வேதநாயகம் போலீஸ் தடிக்கு அஞ்சியவர் அல்ல. இப்போது அஞ்சி நடுங்கியது தம் வயிற்றுக்கு.

சர்க்கரை நோயில் ஏற்கெனவே இரண்டு கால்விரல்கள் போயிருந்தன. உடம்பு குறையாவிட்டால் அடுத்து பாதம்தான் என்று சொல்லி, மருத்துவர் பசியை அடக்கும் ஊசியைத் தொடங்கினார். ஒரு வருடத்தில் ஆள் பாதியானார். பிறகு கணையம் வீங்கியது. அதனால் ஊசியை நிறுத்திவிட்டார்கள்.

கொஞ்ச நாள் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு மாலை பேக்கரி வாசலில் நின்றிருந்தார். கையில் பாதி தின்ற முட்டை பப்ஸ். அதைக் கேட்டு வாங்கியதே நினைவில் இல்லை.

அன்றிலிருந்து அவர் யாரோடும் உட்கார்ந்து சாப்பிடவில்லை. ஒரு நாள் முழுப் பட்டினி. மறுநாள் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, நின்றபடியே சட்டியை வழித்துத் தின்றார். தின்று முடித்ததும் குனிந்து காலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

தமக்குப் போராடக் கற்றுக்கொடுத்த செங்கமலத்தம்மாளைத் தேடிப் போனார். அம்மாள் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார்.

"வா வேதா, தட்டு எடுத்துக்க."

"பசியில்லை, தோழர்."

"உன் வயிறு கத்துறது எனக்கே கேக்குது. மேடையிலதான் நீ பொய் சொல்லுவேன்னு நினைச்சேன்."

வேதநாயகம் எல்லாவற்றையும் சொன்னார்.

"பசி செத்துப்போச்சுன்னு நினைச்சேன். பதுங்கித்தான் இருந்திருக்கு. இப்போ அத்தனை நாளுக்கும் சேர்த்துக் கேக்குது. கால் போயிடும், தோழர். பசிக்காம இருக்க ஒரு வழி சொல்லுங்க."

"எனக்குத் தெரியாது."

வேதநாயகம் எழப் போனார்.

"சிறையில நாங்க உண்ணாவிரதம் இருந்தது தெரியுமில்ல?" என்றார் அம்மாள்.

"எத்தனை கூட்டத்துல சொல்லியிருக்கேன்!"

"பட்டினி கிடந்ததைச் சொல்லியிருப்பே. அதுக்குத்தானே கைதட்டு. முடிச்சதை எவன் கேட்டான்? சில நாள்லயே பசி போயிடுச்சு. ஜெயிச்சுட்டேன்னு எனக்குக் கர்வம். கோரிக்கையை ஒத்துக்கிட்டாங்க, கஞ்சி வந்துச்சு. முதல் வாய் உள்ளே போனதும் பசி எழுந்துச்சு பாரு! பக்கத்துல இருந்தவ குவளையைப் பிடுங்கக் கை நீட்டிட்டேன். அவளும் என் குவளையைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தா. அள்ளிக் குடிச்சா உயிருக்கு ஆபத்துன்னு டாக்டர் வேற சொல்லியிருந்தார்."

"என்ன செஞ்சீங்க?"

"எதிரெதிரா உட்கார்ந்தோம். அவளுக்கு நான் ஊத்தினேன், எனக்கு அவ ஊத்தினா. கொஞ்சம் ஊத்தி, நிறுத்தி, முகத்தைப் பார்த்து, இன்னும் கொஞ்சம். அதுக்கப்புறம் பட்டினியை முடிச்ச யாரையும் நாங்க தனியா சாப்பிட விட்டதில்ல."

அம்மாள் ஒரு தட்டில் ஒரு கரண்டிச் சோறும் நிறையக் கீரையும் வைத்து அவர் பக்கம் தள்ளினார். தம் தட்டையும் நீட்டினார்.

"எனக்கு நீ போடு."

வேதநாயகம் அதேபோல அளந்து போட்டார். இருவரும் மெதுவாகச் சாப்பிட்டார்கள். தட்டு காலியானதும் அவர் கை தானாகச் சோற்றுப் பானைக்குப் போனது. பாதி வழியில் நின்றது.

"இன்னும் கேக்குது, தோழர்."

"கேக்கட்டும். ஆலையில என்ன சேதி, சொல்லு."

அவர் சொன்னார். சொல்லச் சொல்ல, கை மெல்லத் திரும்பி மடிக்கு வந்தது. பயம் மட்டும் போகவில்லை.

"நாளைக்கும் இப்படித்தான் வருமா?"

"வரும்."

"அப்போ எத்தனை நாளைக்குத்தான் காவல் இருக்கிறது?"

கை கழுவப் போன அம்மாள் திரும்பிப் பார்த்தார்.

"ஒப்பந்தம் கையெழுத்தானதும் சங்கத்தைக் கலைச்சுடுன்னா உனக்குக் கத்துக்கொடுத்தேன்?"