மூன்று ரப்பர் மூடிகள்

திருச்சி மெயின்கார்டு கேட் பக்கத்தில், ஒரு வளையல் கடைக்கு மேலே, செங்குத்தான படி ஏறினால் கமருன்னிசாவின் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை. அவருக்கு நாற்பத்தொரு வயது. அவரிடம் வேலை பழகும் அருளானந்துக்கு ஐம்பத்து மூன்று.

அருளானந்து இருபத்தாறு வருஷம் பஸ் பாடி கட்டும் கம்பெனி ஒன்றில் வயரிங் வேலை பார்த்தவர். கம்பெனியை மூடிவிட்டார்கள். வீட்டில் உட்கார்ந்து சாம்பாரில் உப்பு குறை சொல்வதைவிட இது மேல் என்று இந்தப் படியில் ஏறினார். யோசனை அவருடையது அல்ல, அவர் மனைவி செலினுடையது.

தன்னைவிட இளையவரை அக்கா என்று கூப்பிட அவருக்கு நாக்கு வரவில்லை. மேடம் என்றால் கமருன்னிசாவுக்குப் பிடிக்காது. டீச்சர் என்று ஆரம்பித்தார், அதுவே நிலைத்துவிட்டது. டீச்சர் அவரை அண்ணே என்பார்.

இரண்டு வருஷம் ஓடியது. ஒரு திங்கட்கிழமை காலை அருளானந்து கையில் செலின் கொடுத்த பணக் கவரோடு வந்தார்.

“டீச்சர், பன்னிரண்டாயிரத்துக்குள்ள ஒரு ப்ராசஸர் வேணும். செகண்ட்ஸா இருந்தாலும் பரவாயில்லை.”

டீச்சர் ஒரு பழைய ஃபேனை பெயின்ட் பிரஷ்ஷால் தூசி தட்டிக்கொண்டிருந்தார்.

“யாருக்கு?”

“நம்ம வீட்டுக்குத்தான்.”

“என்ன கம்ப்ளெயின்ட்?”

“ஸ்லோ. வீடியோ வேலைக்குன்னு கிராபிக்ஸ் கார்டு போட்டாச்சு. அப்பவும் ஸ்லோ. அப்படின்னா ப்ராசஸர்தானே?”

“கார்டு யார் போட்டது?”

“நான்தான். இங்க சேர்ந்த முதல் மாசம். ஆன்லைன்ல வாங்கி நானே மாட்டினேன். உங்களைத் தொந்தரவு பண்ண வேணாம்னு.”

தொந்தரவு பண்ண வேண்டாம் என்று ஒரு ஆண் சொன்னால், கேட்பதற்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை என்று அர்த்தம். டீச்சருக்கு அது தெரியும். பிரஷ்ஷைக் கீழே வைத்தார்.

“மஞ்சள் சீட்டு எடுங்க.”

அந்தக் கடைக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்தப் பெட்டி வந்தாலும் ஒரு மஞ்சள் சீட்டு. பழுது என்ன என்பதைப் பெட்டிக்கு உரியவர் வாயால் சொன்னபடி எழுதவேண்டும். வயர்களைக் கழற்றுவதற்கு முன்னால் பெட்டியின் பின்பக்கத்தை செல்போனில் படம் எடுக்கவேண்டும். அப்புறம் கண்டது என்ன, செய்தது என்ன என்று இரண்டு வரி. கடைசியில் உரியவர் படித்துக் கையெழுத்துப் போடவேண்டும். பின்பக்கப் படம் இல்லாத பெட்டி மேஜையில் ஏறாது.

“நம்ம வீட்டுப் பெட்டிக்கு எதுக்கு டீச்சர் சீட்டு?”

“ஏன், உங்க வீட்டுப் பெட்டிக்குப் பின்பக்கம் கிடையாதா?”

அருளானந்து சிரித்துக்கொண்டே சீட்டை எடுத்து, ‘வேகம் இல்லை’ என்று எழுதினார்.

“இது உங்க வார்த்தை. அதுல உட்கார்ந்து வேலை செய்றது யாரு?”

“செலின்.”

செலின் வீட்டிலிருந்தே ஒரு ஸ்டுடியோவுக்குக் கல்யாண வீடியோ எடிட் செய்து கொடுக்கிறாள். பஸ் கம்பெனி மூடிய நாளிலிருந்து அந்த வீட்டில் அரிசி வேகுவது அந்த வேலையில்தான்.

“அவங்ககிட்ட கேளுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க.”

மணி அடித்தது.

“செலின், கம்ப்யூட்டர்ல என்ன கம்ப்ளெயின்ட்?”

“என்னங்க இது, கஸ்டமர் கேர்ல சேர்ந்துட்டீங்களா? அடுப்புல பால் இருக்கு.”

“சொல்லு. சீட்டுல எழுதணும்.”

“எழுதிக்குங்க. நாலு நிமிஷ வீடியோ ரெடியாகி வெளிய வர மூணு மணி நேரம் ஆகுது. நடுவுல ரெண்டு தடவை நின்னுடுது. லால்குடி கல்யாணத்தை வெள்ளிக்கிழமைக்குள்ள குடுக்கணும். இல்லேன்னா வேற ஆளைப் பார்த்துக்கிறேன்னு ஸ்டுடியோக்காரர் மூஞ்சிக்கு நேராவே சொல்லிட்டார். இதையும் எழுதுவீங்களா?”

“நீ ஒரே நேரத்துல நாலு ஃபைலைத் திறந்து வச்சுக்கிட்டா...”

“ஐயோ சாமி! நீங்க சொன்ன அன்னியிலேருந்து ஒண்ணே ஒண்ணுதான் திறக்கிறேன். பாட்டுகூட போடுறதில்லை. அதுவும் பெட்டிக்குப் பாரம்னு சொன்னீங்கல்ல.”

டீச்சர் தலை நிமிர்ந்தார்.

“எவ்வளவு நாளா பாட்டு இல்லைங்க?”

“யாரு, டீச்சரா? வணக்கங்க. அது ஆச்சுங்க, ரெண்டு வருஷம். முன்னெல்லாம் பாட்டு ஓடிக்கிட்டே இருக்கும். நானும் கூடவே கத்திக்கிட்டு வேலை செய்வேன். கீழ் வீட்டம்மா மேல வந்து சண்டை போடுவாங்க. இப்ப அவங்களுக்கு நிம்மதி. என் வேலைதான் கனமாம், இவர் சொல்றார். சரி, பால் பொங்குது.”

போன் அணைந்தது. அருளானந்து எழுதினார். பாட்டைப் பற்றிய வரியை விட்டுவிட்டார்.

“பாட்டு?” என்றார் டீச்சர்.

அதையும் எழுதினார்.

“பின்பக்கப் படம்?”

பெட்டி பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் நெருக்கிக்கொண்டு இருந்தது. மறுபடி போன் போட்டுச் சொன்னார். கால்மணி நேரம் கழித்துப் படம் வந்தது. படத்தின் பின்னாலேயே செலினின் அழைப்பும் வந்தது.

“வந்துச்சா? பீரோவை நகர்த்தினதுல என் முதுகு போச்சு. ஏங்க, ஒண்ணு கேட்கட்டா? கத்தக் கூடாது.”

“கேளு.”

“பெட்டிக்குப் பின்னாடி மூணு கறுப்பு ரப்பர் மூடி இருக்கே, அதைக் கழட்டணுமா, அப்படியே விடணுமா?”

அருளானந்து டீச்சரைப் பார்த்தார்.

“தூசி தட்டுறப்போ எல்லாம் பார்ப்பேன். கேட்டா, நான் பஸ்ஸுக்கே வயரிங் பண்ணவன், எனக்கே சொல்லித் தர்றியான்னு குதிப்பீங்க. அதான் வாயை மூடிக்கிட்டு இருந்தேன்.”

“நான் வந்து பார்க்கிறேன்,” என்று வைத்துவிட்டார்.

டீச்சர் கையை நீட்டி போனை வாங்கினார். படத்தைப் பெரிதாக்கி அவர் முன்னாலேயே வைத்தார்.

“என்ன தெரியுது?”

“தூசி.”

“அப்புறம்?”

“ஒட்டடை.”

“அப்புறம்?”

மானிட்டரிலிருந்து வந்த நீலத் தலை வயர், பெட்டியின் பழைய துளையிலேயே சொருகியிருந்தது. அதற்குக் கீழே கிராபிக்ஸ் கார்டின் மூன்று வாய்கள். மூன்றிலும் வாங்கியபோது இருந்த ரப்பர் மூடி.

“மானிட்டர் பழசு டீச்சர். கார்டுல இந்த நீல வயருக்கு வாயே இல்லை. எங்கடா சொருகுறதுன்னு பார்த்தேன். பழைய இடத்துல சொருகினேன். படம் வந்துச்சு.”

“படம் வந்துச்சு.”

“ஆமா.”

“கார்டை வேலை செய்ய வைக்கிற டிரைவர் சாஃப்ட்வேர் போட்டீங்களா?”

“படம்தான் வந்துடுச்சேன்னு...”

“ஒரு ஆளைச் சம்பளம் கொடுத்துக் கூட்டிட்டு வந்து, ரெண்டு வருஷம் ரூம்ல வச்சுப் பூட்டியிருக்கீங்க. மொத்த வேலையும் பழைய ஆள் தலையில.”

கீழே வளையல் கடையில் யாரோ பேரம் பேசுவது கேட்டது. அருளானந்து மேஜையைப் பார்த்தபடி கேட்டார்.

“இந்த மாதிரி முட்டாள்தனம் யாராவது பண்ணியிருக்காங்களா டீச்சர்?”

“நான் கடை போட்ட புதுசுல ஒரு டாக்டர் வீட்டுக்குப் போனேன். படம் விட்டு விட்டு வருதுன்னார். ரெண்டு நாள் பார்த்தேன். ரேம் மாத்தினேன். பவர் சப்ளை மாத்தினேன். படம் வந்துச்சு. பணமும் வாங்கிட்டேன். கிளம்பும்போதுதான் யோசிச்சுப் பார்த்தேன். முதல் நாள் அவர் வயரை நானே கழட்டி, நானே தப்பான இடத்துல சொருகியிருந்தேன். சப்ளை மாத்துறப்போ வயரைச் சரியான இடத்துல சொருகினதாலதான் படம் வந்துச்சு, மாத்தின சாமானெல்லாம் அவருக்குத் தண்டச் செலவு.”

“அவருக்குத் தெரியுமா?”

“முதல் மஞ்சள் சீட்டே அவருக்கு எழுதினதுதான்.”

டீச்சர் மேஜை டிராயரைத் திறந்து, கட்டைவிரல் அளவில் ஒரு கன்வெர்ட்டரை எடுத்து வைத்தார். ஒரு பக்கம் கார்டில் சொருகுவது, மறுபக்கம் நீல வயரை வாங்கிக்கொள்வது.

“முந்நூறு ரூபா. கவர்ல இருந்து வேண்டாம். உங்க சட்டைப்பையில இருந்து.”

“அப்போ ப்ராசஸர்?”

“இருக்கிறதை முதல்ல வேலை செய்ய விடுங்க.”

அன்று மாலையே அருளானந்து பெட்டியைத் திருப்பினார். மூன்று மூடிகளையும் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். கன்வெர்ட்டரை மாட்டினார், டிரைவரைப் போட்டார். செலின் நாலு நிமிஷ வீடியோ ஒன்றை ஓடவிட்டு, மூன்று மணி நேரம் இருக்கிறதே என்று முருங்கைக்கீரையை முறத்தில் கொட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். பாதிக் கீரைகூட ஆயவில்லை. பெட்டி டிங் என்றது.

செலின் கடிகாரத்தைப் பார்த்தாள். பெட்டியைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள்.

“என்னங்க மாத்தினீங்க?”

“உள்ள ஒரு சின்ன வேலை.”

“அந்த மூடி?”

“அது ஒண்ணுமில்லை.”

“பணம் பத்துச்சா?”

கவரைத் திருப்பிக் கொடுத்தார். “தேவைப்படலை.”

“அடேயப்பா! கெட்டிக்காரர்தான் போங்க. நான்கூட என்னென்னமோ நினைச்சேன். இதுல உங்களுக்கு ஒரு நல்ல செருப்பு வாங்குங்க. உங்க டீச்சர் கடைப் படியில ஒரு நாள் வழுக்கி விழப்போறீங்க.”

ராத்திரிச் சாப்பாட்டோடு கேசரியும் இருந்தது. வேண்டாம் என்று சொல்ல அருளானந்துக்கு வாய் வரவில்லை. இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார்.

லால்குடி கல்யாணம் வியாழக்கிழமையே ஸ்டுடியோவுக்குப் போய்விட்டது.

சனிக்கிழமை கடையில் டீச்சர் அந்த வாரத்துச் சீட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். ஒன்றை மட்டும் தனியே எடுத்து வைத்தார்.

“உங்களது இன்னும் முடிக்கலையே அண்ணே.”

அருளானந்து பேனாவை எடுத்தார். கண்டது என்ற இடத்தில், ‘மானிட்டர் கேபிள் இடம் மாறியிருந்தது’ என்று எழுதினார். செய்தது என்ற இடத்தில், ‘சரியான இடத்தில் மாட்டப்பட்டது’ என்று எழுதினார். கொடுத்தார்.

டீச்சர் படித்தார்.

“இடம் மாறியிருந்ததா? யார் மாத்தினது, எலியா?”

அருளானந்துக்குக் காது சிவந்தது.

“டீச்சர், ஒண்ணு சொல்லட்டா? வேலை முடிஞ்சுபோச்சு. ஸ்டுடியோக்காரர் அடுத்த மாசம் ரெண்டு கல்யாணம் தர்றேன்னு சொல்லியிருக்கார். அவ சந்தோஷமா இருக்கா. என்னைக் கெட்டிக்காரர்னு பக்கத்து வீட்டுல எல்லாம் சொல்லி வச்சிருக்கா. இப்போ போய், ரெண்டு வருஷமா தப்பு என் கையிலதான் இருந்துச்சுன்னு சொல்லி அவளுக்கு என்ன கிடைக்கப்போகுது? நல்லா ஓடுற பெட்டியை எதுக்குத் திறக்கணும்?”

டீச்சர் அந்தச் சீட்டை ஓரமாக வைத்தார். ஒரு கல்லூரிப் பெண் லேப்டாப்போடு படியேறி வந்தாள். அவளுக்கு ஒரு சீட்டுப் போட்டு, அவள் சொன்னதைச் சொன்னபடி எழுதி, திங்கட்கிழமை வரச் சொல்லி அனுப்பினார். அப்புறம் மேலே சுற்றிய ஃபேனின் வேகத்தைக் கொஞ்சம் குறைத்தார்.

“செலின் எத்தனை ஃபைல் திறக்கிறாங்க இப்போ?”

“ஒண்ணுதான்.”

“பெட்டிதான் இப்போ வேகமாச்சே?”

“ஆமா. நாலு திறந்தாலும் தாங்கும். அவளுக்குப் பழகிப்போச்சு போல.”

“பாட்டு?”

அருளானந்தின் விரல் சட்டைப்பைக்குள் போனது. தினமும் சட்டை மாறினாலும் மூன்று மூடிகளும் இன்னும் அங்கேயேதான் இருந்தன.

“இல்லை டீச்சர்.”

டீச்சர் அவர் எழுதிய சீட்டைக் கிழித்தார். புதிதாக ஒரு மஞ்சள் சீட்டை எடுத்து, பேனாவோடு அவர் பக்கம் நகர்த்தினார்.

“அப்போ ரிப்பேர் இன்னும் முடியலை அண்ணே.”