மின்னியைச் சீண்டிய சிவப்பு இறகு

மின்னி என்ற சால்மன் மீன் வயிறு நிறைய முட்டைகளோடு கடலிலிருந்து பெரிய ஆற்றுக்குள் நுழைந்தது. அது பிறந்த ஓடை ஆற்றின் தலைமாட்டில், மலைமேல் இருந்தது. அங்கே போய்ச் சேர்ந்தால்தான் முட்டையிட முடியும். வழியில் மாட்டிக்கொண்டால் அத்தனை குஞ்சுகளும் போச்சு.

கூடவே முரடன் என்ற ஆண் மீனும் வந்தது. மனசு தங்கம்தான், ஆனால் கோபம் மூக்குக்கு மேலே.

ஆற்றுக்குள் வந்துவிட்டால் சால்மன்கள் எதையும் தின்பதில்லை. அது அந்த இனத்தின் வழக்கம். அதனால் முரடனுக்கு ஏகப்பட்ட தைரியம்.

ஒரு மடுவில் பட்டணத்து மனிதர்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்று, பொழுதுபோக்குக்காகத் தூண்டில் வீசிக்கொண்டிருந்தார்கள். முரடன் அவர்களைப் பார்த்துச் சிரித்தது.

“நமக்குத்தான் பசியே இல்லையே. எதைக் காட்டி நம்மைப் பிடிப்பாங்க?”

அந்த மனிதர்கள் விவரமானவர்கள். தூண்டிலில் இரையே வைக்கவில்லை. ஒரு சிவப்பு இறகைக் கட்டி, முரடனின் மூக்கை உரசுகிற மாதிரி ஆட்டினார்கள். இறகு போனது, திரும்பி வந்தது, மறுபடியும் உரசியது. விலகிப் போய்விடலாம் என்று மின்னி கெஞ்சிப் பார்த்தது. முரடன் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

“என் மூஞ்சிக்கு நேராவே ஆடுது பார். ஒரு கை பார்க்காம விடமாட்டேன்!”

பாய்ந்து கவ்வியது. முள் தாடையில் ஏறியது. மின்னியின் கண்ணெதிரே கரைக்கு இழுபட்டுப் போன முரடன் திரும்பி வரவில்லை.

சற்று நேரத்தில் அதே இறகு வந்து மின்னியின் கன்னத்தை உரசியது. கரையில் நின்ற நாரையும் சும்மா இருக்கவில்லை. மனிதர்கள் மீனைப் பிடித்து அறுத்தால் குடல் தனக்குக் கிடைக்கும் என்பது அதன் கணக்கு.

“உன் கூட வந்தவனைக் கொன்னது அந்த இறகுதான். பார்த்துட்டுப் பேசாம போறியே, பயமா?” என்று கேட்டது நாரை.

மின்னியின் வாய் திறந்தே விட்டது. இறகைக் கடித்துக் குதறிவிட வேண்டும் என்று உடம்பெல்லாம் துடித்தது. அப்போது வயிற்றில் முட்டைகள் கனத்தன. வாயை இறுக மூடிக்கொண்டு விலகிய பிறகுதான் பதில் சொன்னது.

“பயம்னே வச்சுக்கோ. எனக்குப் போக வேண்டிய இடம் இருக்கு.”

அழுதுகொண்டே எதிர்நீச்சல் போட்டது. அருவி குறுக்கே நின்றது. தாவியது, விழுந்தது, பாறையில் மோதிச் செதில் உரிந்தது. மறுபடியும் தாவி ஏறியது. தான் பிறந்த ஓடையின் கூழாங்கற்களுக்கு நடுவே முட்டைகளை இட்ட பிறகுதான் மின்னி ஓய்ந்தது.

பசியை வென்றவரையும் ரோஷம் மாட்டிவைத்துவிடும். சீண்டலுக்கு வாய் திறக்காதவரே போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேருவார்.